பாச்சா பலிக்காதபோது: ஆன்லைன் போக்கரில் மாட்டிக்கொண்ட ப்ளஃபைப் படிப்பது எப்படி?

கையில் ஒன்றுமே இல்லை. கடைசிச் சீட்டும் விழுந்துவிட்டது. பெரிய தொகையை நடுவில் தள்ளிவிட்டு, எதிராளி சீட்டைப் போட்டுவிடுவாரா என்று திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அவர் பெயருக்குக் கீழே நேரம் தேய்ந்துகொண்டே போகிறது. பாதி தேய்ந்ததும் ‘கால்’ என்று வருகிறது. அவரிடம் ஒரு ராஜா ஜோடி. உங்கள் சிப்கள் மொத்தமும் அவர் பக்கம் போய்ச் சேர்கின்றன.

போக்கர் ஆடத் தொடங்கிய எல்லோருக்கும் இது நடக்கும். நடந்தவுடன் மனதில் வருவது பெரும்பாலும் இரண்டில் ஒன்று: “இனிமேல் ப்ளஃப் பக்கமே போகக்கூடாது” அல்லது “இதை வைத்துக்கொண்டு எப்படிக் கால் செய்தார்?” முதலாவது பயம், இரண்டாவது கோபம். இரண்டையும் ஒரு நாள் தள்ளி வைத்துவிட்டு அந்த ஆட்டத்தைத் திரும்பத் திறந்து பார்த்தால், நிறையக் கிடைக்கும்.

ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். ப்ளஃப் பலித்தால் எதிராளி சீட்டை மூடியபடியே போட்டுவிடுவார். எதைப் போட்டார் என்று உங்களுக்குத் தெரியாது. நல்ல சீட்டை விரட்டினீர்களா, எப்படியும் போடவிருந்த குப்பையை விரட்டினீர்களா என்றும் தெரியாது. ப்ளஃப் மாட்டிக்கொள்ளும்போதுதான் அவர் சீட்டு திறக்கிறது. எந்தச் சீட்டோடு, எவ்வளவு தொகைக்கு, எத்தனை முறை கால் செய்தார் என்று முழுக் கதையும் அப்போது தெரிந்துவிடும். விலை கொடுத்துத்தான் அதை வாங்கியிருக்கிறீர்கள். வாங்கியதைப் பிரித்துப் பார்க்காமல் போட்டுவிட்டுப் போகிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. அதிகம் ஆடப்படுவது டெக்சஸ் ஹோல்டெம். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு மூடித் தருவார்கள். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக முதலில் மூன்று சீட்டு (ஃப்ளாப்), பிறகு ஒன்று (டர்ன்), கடைசியாக ஒன்று (ரிவர்). ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம், கட்டாமல் செக் சொல்லலாம், ஒருவர் கட்டியதை ஈடுகட்டிக் கால் செய்யலாம், ஏற்றலாம், ஆட்டத்திலிருந்து விலகிச் சீட்டைப் போட்டுவிடலாம். நடுவில் சேரும் தொகை பாட். நல்ல சீட்டு இல்லாமலே இருப்பதுபோல் காட்டிப் பந்தயம் கட்டுவதுதான் ப்ளஃப். நம் பேச்சில் சொன்னால் உதார் விடுவது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை இந்தியாவில் 2025 ஆகஸ்ட்டில் வந்த மத்தியச் சட்டம் தடை செய்திருக்கிறது. ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராகத் தமிழ்நாடு அதற்கு முன்பே தனிச் சட்டம் கொண்டுவந்திருந்தது. எத்தனையோ குடும்பங்கள் இதில் அழிந்ததைப் பார்த்த பிறகு வந்த சட்டங்கள் இவை. அதனால் இந்தக் கட்டுரையில் வருவதெல்லாம் இலவச சிப் ஆட்டம். கணக்கு ஒன்றேதான். ஆனால் இலவச மேசையில் யாரும் எளிதில் சீட்டைப் போடமாட்டார்கள், ஏனென்றால் இழப்பதற்கு அவர்களிடம் எதுவும் இல்லை. அங்கே ப்ளஃப் அடிக்கடி மாட்டிக்கொண்டால், முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதைத்தான். சீட்டைப் போடவே போடாத ஒருவரிடம் எவ்வளவு அழகாக உதார் விட்டாலும் செல்லாது.

இப்போது என்னுடைய ஓர் ஆட்டம். சிறிய பிளைண்ட் 50, பெரிய பிளைண்ட் 100 (சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயம் கட்ட வேண்டிய தொகைகள்). என் கையில் ஆட்டின் 7, ஆட்டின் 6. பட்டனில் உட்கார்ந்திருந்தேன், அதாவது ஃப்ளாப் முதல் கடைசியாகப் பேசும் வசதியான இடம். 250க்கு ஏற்றினேன். பெரிய பிளைண்டில் இருந்தவர் கால் செய்தார், மற்றவர்கள் போட்டுவிட்டார்கள். பாட் 550.

ஃப்ளாப்: ஆட்டின் ராஜா, ஆட்டின் 9, கிளாவர் 4. என்னிடம் நான்கு ஆட்டின் சேர்ந்துவிட்டது, இன்னும் ஒன்று வந்தால் ஃப்ளஷ், அதாவது ஒரே சாதியில் ஐந்து சீட்டு. அவர் செக். நான் 275 கட்டினேன், அவர் கால். பாட் 1,100. டர்னில் ஸ்பேட் 2. அவர் செக், நான் 700, அவர் யோசிக்காமல் உடனே கால். பாட் 2,500. ரிவரில் கிளாவர் 9. ஃப்ளஷ் வரவில்லை, என்னிடம் வெறும் 7. அவர் செக். நான் பாட் அளவுக்கே 2,500 கட்டினேன். அவர் கொஞ்சம் யோசித்துக் கால் செய்தார். டைமண்ட் ராஜா, டைமண்ட் 10.

இது தப்பான ப்ளஃபா? மாட்டிக்கொண்டது என்பதை மட்டும் வைத்து அதைச் சொல்ல முடியாது. சொல்வதற்கு முதலில் ஒரு சின்ன வகுத்தல் தெரிய வேண்டும்.

பாட்டில் இருக்கும் தொகையை வெல்வதற்கு நீங்கள் ஒரு தொகையைப் பணயம் வைக்கிறீர்கள். பந்தயத்தை, பந்தயமும் பாட்டும் சேர்ந்த தொகையால் வகுத்தால், எத்தனை சதவீதம் தடவை எதிராளி போட்டால் கையைக் கடிக்காது என்று தெரிந்துவிடும். பாட்டில் பாதியைக் கட்டினால் 33 சதவீதம். முக்கால் பங்கு கட்டினால் 43. முழுப் பாட் கட்டினால் 50. பாட்டைப்போல் இரண்டு மடங்கு கட்டினால் 67. பாதி பாட் கட்டிய ப்ளஃப் மூன்றில் இரண்டு தடவை மாட்டிக்கொண்டாலும் நஷ்டம் இல்லை என்பதைப் புதிதாக ஆடுபவர்கள் நம்பவே மாட்டார்கள். நானும் தாளில் எழுதிப் பார்த்த பிறகுதான் நம்பினேன். பாட் 100 என்றால், ஒரு தடவை 100 கிடைக்கிறது, இரண்டு தடவை ஐம்பது ஐம்பதாகப் போகிறது. கணக்கு நேராகிவிடுகிறது.

என் ஆட்டத்தில் எனக்குத் தேவை 50 சதவீதம். அவர் பாதித் தடவை சீட்டைப் போடுவாரா? இங்கேதான் பலரும் அவர் காட்டிய ஒரே சீட்டைப் பிடித்துக்கொள்கிறார்கள். “ராஜா வைத்திருந்தார், அதனால் தப்பு” என்று முடித்துவிடுகிறார்கள். நான் பந்தயம் கட்டிய நொடியில் அவரிடம் ராஜாதான் இருக்க வேண்டும் என்று இல்லை. ஃப்ளாப்பிலும் டர்னிலும் கால் செய்து ரிவர் வரை வரக்கூடிய சீட்டுகள் எத்தனையோ உண்டு. அத்தனையையும் எழுதி எண்ண வேண்டும்.

எண்ணினேன். மேசையில் ஒரு ராஜா கிடப்பதால் கட்டில் மீதி மூன்று. ராஜா-ராணி என்று வைத்திருக்க 3 பெருக்கல் 4, பன்னிரண்டு வழி. ராஜா-ஜாக்கி பன்னிரண்டு, ராஜா-10 பன்னிரண்டு. மொத்தம் 36. ராஜா-ஏஸ் இருந்திருந்தால் முதலிலேயே திருப்பி ஏற்றியிருப்பார், அதை விட்டுவிட்டேன். அடுத்து, ஒரே சாதியில் 9 வைத்திருக்கும் கைகள்: ஏஸ்-9, ராணி-9, ஜாக்கி-9, 10-9, 9-8. மேசையில் இரண்டு 9 கிடப்பதால் ஒவ்வொன்றுக்கும் இரண்டே வழி, ஆக 10. ரிவர் 9 வந்ததும் இவர்களிடம் மூன்று 9 ஆகிவிட்டது, அடித்தாலும் போடமாட்டார்கள். கால் செய்யும் பக்கம் 46.

போடும் பக்கம்: ஜோடி 10 ஆறு வழி, ஜோடி 8 ஆறு வழி. பிறகு என்னைப்போலவே ஃப்ளஷுக்குக் காத்திருந்து ஏமாந்த ஆட்டின் கைகள், ஏஸ்-ராணி, ஏஸ்-ஜாக்கி, ராணி-ஜாக்கி என்று பட்டியல் போட்டால் ஒரு பத்து. மொத்தம் 22.

68இல் 22 என்றால் 32 சதவீதம். எனக்கு 50 வேண்டும். அவர் கையில் ராஜா-10 இருந்தது என்பதற்காக இது தப்பாகவில்லை. நான் அந்தத் தொகையைக் கட்டும்போதே தப்பு. இதே இடத்தில் இதே பந்தயத்தைத் திரும்பத் திரும்பக் கட்டினால், செக் சொல்லி விட்டுக்கொடுப்பதைவிட ஒரு தடவைக்குச் சராசரியாக 880 சிப் கூடுதலாகப் போகும்.

எண்ணும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. எதிராளி எந்தச் சீட்டைப் போடுவார் என்று நம்பினேனோ, அதை நானே கையில் வைத்துக்கொண்டிருந்தேன். அவர் போடக்கூடிய கைகளில் முக்கியமானவை தவறிய ஆட்டின் கைகள். ஆட்டின் 7உம் 6உம் என்னிடம் இருப்பதால் அவரிடம் அவை இருக்க வழியில்லை. ஏஸ்-7, ஏஸ்-6, 8-7 எல்லாம் பட்டியலிலிருந்து போய்விட்டன. இதே ப்ளஃபை ஸ்பேட் ஜாக்கி, ஸ்பேட் 10 வைத்துக்கொண்டு செய்திருந்தால்? ராஜா-ஜாக்கியும் ராஜா-10உம் அவரிடம் இருக்கும் வழிகள் குறையும், தவறிய ஆட்டின் கைகள் கூடும். அந்தக் கணக்கில் 61இல் 23, கிட்டத்தட்ட 38 சதவீதம். அப்போதும் போதாதுதான். ஆனால் மேசையில் எதுவுமே மாறாமல் என் கையில் உள்ள இரண்டு சீட்டை மாற்றியதற்கே இவ்வளவு வித்தியாசம். ஃப்ளஷ் தவறிவிட்டது, இனி உதார் விடுவதுதான் வழி என்று கை தானாகப் பந்தயத்துக்குப் போகிறதே, அந்தப் பழக்கத்தைச் சந்தேகப்பட வேண்டும் என்று எனக்கு அன்றுதான் புரிந்தது.

சரி, ரிவரில் 9க்குப் பதில் ஸ்பேட் ஏஸ் விழுந்திருந்தால்? அதுவரை எல்லாம் அப்படியே, அவரிடம் அதே ராஜா-10. இப்போது 9 வைத்திருப்பவர்கள் வெறும் ஒரு ஜோடியோடு நிற்கிறார்கள். ஏஸ்-9 நீங்கலாக 12 வழி, போட்டுவிடுவார்கள். ஜோடி 10, ஜோடி 8 சேர்ந்து 12. ஏஸ் இல்லாத தவறிய ஆட்டின் கைகள் 4. இந்த 28உம் அநேகமாகப் போகும் கைகள். ஏஸ் வைத்திருந்த ஆட்டின் கைகள் ஆறு, ஏஸ்-9 இரண்டு, இவை போகாது. ராஜா வைத்த 36 கைகள் நடுவில் தவிக்கும். மொத்தம் 72, பாதி 36. அந்த முப்பத்தாறு ராஜாக்களில் எட்டே எட்டு பயந்து போட்டால் போதும், கணக்கு நேராகிவிடும். ஏஸைக் கண்டால் ராஜாக்காரர்களில் நாலில் ஒருவராவது தயங்குவார்.

அந்த ரிவரிலும் அவர் ராஜா-10ஐ வைத்துக்கொண்டு கால் செய்திருக்கலாம். அதே 2,500 போயிருக்கும், அதே எரிச்சல் வந்திருக்கும். ஆனால் அது சரியான ப்ளஃப். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே தோல்விதான். எண்ணிப் பார்த்தவருக்கு மட்டும்தான் ஒன்றைத் திருத்த வேண்டும், இன்னொன்றை அப்படியே விட்டுவிட வேண்டும் என்பது தெரியும்.

பலித்த ப்ளஃபுக்கும் இதே அளவுகோல்தான். 2003இல் லாஸ் வேகஸில் நடந்த உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் 839 பேர் ஆடினார்கள். ஆன்லைன் தகுதிச் சுற்று வழியாக வந்த கணக்காளர் கிறிஸ் மணிமேக்கரும், தொழில்முறை ஆட்டக்காரர் சாமி ஃபார்ஹாவும் கடைசியில் மிஞ்சினார்கள். ஓர் ஆட்டத்தில் மேசையில் ஸ்பேட் 9, டைமண்ட் 2, ஸ்பேட் 6, ஸ்பேட் 8, ஆட்டின் 3. மணிமேக்கரிடம் ஸ்பேட் ராஜாவும் ஆட்டின் 7உம். ஃப்ளஷும் வரவில்லை, வரிசையும் சேரவில்லை. எல்லாவற்றையும் நடுவில் தள்ளினார். ஃபார்ஹாவிடம் 9 ஜோடி இருந்தது, மேசையிலிருப்பதை வைத்துப் பார்த்தால் மேல் ஜோடி. நெடுநேரம் யோசித்துப் போட்டுவிட்டார். மணிமேக்கர் 25 லட்சம் டாலர் பரிசோடு பட்டத்தை வென்றார், போக்கர் உலகமே ஆன்லைன் பக்கம் திரும்பியது. ஃபார்ஹா கால் செய்திருந்தால் அதே ப்ளஃபை அனுபவமில்லாதவரின் அவசரம் என்று எழுதியிருப்பார்கள். ஆனால் தொகையைத் தள்ளும்போது அவர் எடுத்த முடிவு இரண்டு கதைகளிலும் ஒன்றுதான். அந்தக் கையில் ஸ்பேட் ராஜா இருந்ததையும் கவனியுங்கள். ராஜா வைத்த ஃப்ளஷ் ஃபார்ஹாவிடம் இருக்க வழியே இல்லை. என் கையில் இருந்த 7-6 இதற்கு நேர்மாறான வேலையைச் செய்தது.

ப்ளஃப் மாட்டிக்கொள்ள எண்ணிக்கை தவிர வேறு காரணங்களும் உண்டு. கதை ஒட்டாமல் போவது ஒன்று. ஃப்ளாப்பில் செக், டர்னில் செக், ஒன்றையும் மாற்றாத ஒரு சீட்டு ரிவரில் விழுந்ததும் திடீரென்று பெரிய பந்தயம். நல்ல சீட்டு இருந்தவர் இவ்வளவு நேரம் ஏன் சும்மா இருந்தார் என்று எதிராளி கேட்டுக்கொண்டால் பதில் இல்லை. இன்னொன்று ஆள் கணக்கு. ஒருவர் 60 சதவீதம் தடவை போடுவார் என்றால் இருவரும் சேர்ந்து போடுவது 36 சதவீதம்தான். மூன்று பேர் உட்கார்ந்திருக்கும் பாட்டில் உதார் விட்டு மாட்டிக்கொண்டால் அதற்கு மேல் ஆராய ஒன்றும் இல்லை.

ரிவருக்கு முன்னால் விடும் உதாரை மட்டும் வேறு கண்ணோடு பார்க்க வேண்டும். ஃப்ளாப்பில் நான் 275 கட்டியதும் ப்ளஃப்தான், ஆனால் கையில் வாய்ப்பு இருந்த ப்ளஃப். கட்டில் மீதி ஒன்பது ஆட்டின் இருக்கின்றன, இரண்டு சீட்டுக்குள் ஒன்று வருவதற்கு 35 சதவீத வாய்ப்பு. அவர் போட்டாலும் லாபம், போடாவிட்டாலும் ஜெயிக்க வழி உண்டு. அதனால் அது மாட்டிக்கொள்வதில் பெரிய குறையில்லை. புதிதாக ஆடுபவர்கள் தங்கள் ப்ளஃப்களை முதலில் இந்த வகைக்குள் வைத்துக்கொண்டால் பாதிக் காயம் குறையும் என்பது என் அனுபவம்.

ப்ளஃப் மாட்டிக்கொள்ளத்தான் வேண்டும் என்று கணிதமே சொல்கிறது. ஜான் வான் நாய்மன் 1944இல் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னோடு சேர்ந்து எழுதிய விளையாட்டுக் கோட்பாட்டு நூலில் போக்கரை எளிமையாக்கி ஆராய்ந்திருக்கிறார். மிக நல்ல கையோடும் மிக மோசமான கையோடும் பந்தயம் கட்ட வேண்டும், நடுத்தரமானதோடு பொறுக்க வேண்டும் என்று கணக்கு வந்தது. ப்ளஃபுக்கு அவர்கள் சொன்ன காரணம் இரண்டு. பலவீனமாக இருக்கும்போது பலசாலி என்று நம்பவைப்பது ஒன்று. பலமாக இருக்கும்போது இவன் உதார்தான் விடுகிறான் என்று நினைக்கவைப்பது இன்னொன்று. இரண்டாவது வேலை நடக்க வேண்டுமென்றால் எப்போதாவது மாட்டிக்கொண்டே ஆக வேண்டும். ஒரு தடவைகூட மாட்டிக்கொள்ளாதவர், உதார் விட வேண்டிய இடங்களையெல்லாம் கைவிட்டுக்கொண்டிருக்கிறார் என்று பொருள்.

எப்போது ஆராய்வது என்பதற்கு 2017 ஜனவரியில் நடந்த ஒன்றைச் சொல்லலாம். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டூமாஸ் சாண்ட்ஹோமும் நோம் பிரவுனும் உருவாக்கிய லிப்ராட்டஸ் என்ற நிரல், பிட்ஸ்பர்க்கில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 20 நாள், 1,20,000 ஆட்டம் ஆடி வென்றது. பகலில் ஆட்டம் முடிந்ததும், எதிராளிகள் கட்டிய எந்தப் பந்தய அளவுகளுக்குத் தன்னிடம் சரியான பதில் இல்லை என்று பார்த்து, இரவெல்லாம் அந்த ஓட்டைகளை அடைக்கும் கணக்கைப் போட்டது. நமக்கு மீகணினி வேண்டாம், அந்த ஒழுங்கு போதும். ஆடும்போது ஆட்டம், ஆராய்ச்சி அப்புறம்.

ஆன்லைனில் இது சுலபம். பல தளங்கள் ஒவ்வொரு ஆட்டத்தையும் எழுத்தாகச் சேமித்து வைக்கின்றன. யார் எப்போது எவ்வளவு கட்டினார், கடைசியில் எந்தச் சீட்டு திறந்தது எல்லாம் இருக்கும். நேரில் சீட்டாடுபவருக்குக் கிடைக்காத வசதி இது. வாரத்துக்கு ஒரு நாள், மாட்டிக்கொண்ட மூன்றே மூன்று ப்ளஃபை எடுத்து, எதிராளி காட்டிய சீட்டைக் கையால் மறைத்துக்கொண்டு எண்ணத் தொடங்குங்கள். மறைப்பது முக்கியம். அந்தச் சீட்டு கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் எண்ணிக்கை தானாக அந்தப் பக்கம் சாயும். மாட்டிக்கொண்ட உடனேயே மட்டும் உட்காராதீர்கள். அந்த நேரத்தில் விட்டதைப் பிடிக்கத்தான் மனது துடிக்கும். அந்த வேகத்தில் விடுகிற அடுத்த உதாரில் ஆராய எதுவும் இருக்காது, கோபம் மட்டும்தான் இருக்கும்.

அந்த எதிராளியின் பெயருக்குப் பக்கத்தில் நான் எழுதி வைத்த குறிப்பு ஒரே வரி: “ராஜா ஜோடி கிடைத்தால் மூன்று பந்தயத்துக்கும் வருகிறார்.” இரண்டு வாரம் கழித்து அதே மேசையில் எனக்கு ஏஸ்-ராஜா வந்தது, ஃப்ளாப்பிலும் ராஜா. மூன்று தடவையும் பெரிதாகக் கட்டினேன். ராஜா-ஜாக்கியோடு கடைசிவரை வந்தார். உதார் விட்டு மாட்டிக்கொண்டவன் என்று என்னைப் பற்றி அவரும் ஏதாவது குறித்து வைத்திருப்பார்.

அந்த 7-6 ஆட்டத்தில் இன்னும் முடியாத ஒரு கணக்கு என் நோட்டில் இருக்கிறது. டர்னில் நான் கட்டிய 700. ஃப்ளஷ் வாய்ப்பே இல்லாமலிருந்தால் அதற்கு 39 சதவீதம் தடவை அவர் போட வேண்டும். எனக்கு வாய்ப்பு இருந்ததால் அதைவிடக் குறைவு போதும். அங்கே 700க்குப் பதில் 1,100 கட்டியிருந்தால் 9 ஜோடிகளும் ஜோடி 8உம் அப்போதே போயிருக்குமா, போயிருந்தால் ரிவருக்கு ராஜாக்கள் மட்டும் மிஞ்சி ப்ளஃபுக்கு இடமே இல்லாமல் ஆகியிருக்குமா என்று ஒவ்வொரு கையாக எழுதிக்கொண்டிருக்கிறேன். ஜோடி 5 வரை வந்திருக்கிறேன்.